ஓத நேரம் (கடல் ஏறி வற்றும் நேரம்) பார்க்காமல் நடத்திய கடற்கரை நடைப்பயணம் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய ஒருநாள் கடற்கரை நடைக்கு நானும் என் பதினொரு வயது மகளும் வந்திருந்தோம். அன்று நடந்ததைப் பற்றித் தொலைபேசியில் கேட்டதற்கு, "கடலை யாராலங்க கணிக்க முடியும்?" என்று உங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று கடல் முழுதாக வற்றும் நேரம் காலை 9.40. உங்கள் பயணக் குறிப்பிலேயே அச்சாகியிருக்கிறது. 8 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் பாறைமுனையை அடைந்து, தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். அதை நம்பித்தான் பதிவு செய்தோம். நீங்களோ இன்னொரு குழுவின் வண்டிக்காக எங்களை 9.30 வரை காக்க வைத்தீர்கள். முனைக்கு வந்தபோது மணி 11. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். முனைக்கு அப்பால் போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம்.

போகும்போது முனையடியில் கணுக்கால் அளவுக் குட்டை ஒன்று இருந்தது. அதில் விரல் பட்டதும் சுருங்கிக்கொண்ட, பூப்போன்ற கடலுயிரான கடற்சாமந்தியை விட்டு என் மகள் எழுந்து வரவே மனமில்லாமல் இருந்தாள். 12.40க்குத் திரும்பி வந்தால் அந்தக் குட்டையே இல்லை. எனக்குத் தொடையளவு தண்ணீர். அலை வரும்போதெல்லாம் அவளுக்கு மார்பு வரை ஏறியது. ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாறையைப் பற்றியதில், ஒட்டியிருந்த கொட்டலசுகள் (கூரிய ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) உள்ளங்கையைக் கிழித்தன. அவளுடைய ஒரு காலணி போனது. பாசி படிந்த கோடு எங்கள் தலைக்கும் மேலே தெரிந்தது. ஏற்றத்தில் தண்ணீர் அங்கே வரை வரும் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. வழிகாட்டித் தம்பி கடைசி ஆள் கரையேறும் வரை தண்ணீரிலேயே நின்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புறப்படும் நேரத்தை முடிவு செய்தது அலுவலகம்.

தனி ஒரு அலை எவ்வளவு உயரும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஓத நேரத்தை ஓராண்டுக்கு முன்பே கணக்கிட்டு அட்டவணை போடுகிறார்கள். வற்றிய கடல் மீண்டும் நிறைவதற்கு ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் ஆகும். அது ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தில் பாதி, நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் மணி நேரங்களிலேயே ஏறிவிடும். எங்களைத் தண்ணீரில் இறக்கியது அந்த மூன்றாம் மணி நேரம் முடியும்போது. அதுவும் அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். வழக்கத்தைவிட அதிகம் வற்றி, அதிகம் ஏறும் நாள்.

எங்கள் இருவரின் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். திரும்ப வேண்டிய நேரத்தை இனி ஒவ்வொரு பயணிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதைவிட அவசரமானது ஒன்று. வரும் ஞாயிறும் புறப்பாடு 8 மணி என்றே போட்டிருக்கிறீர்கள். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அன்று அந்தக் குழு முனைக்குப் போய்ச் சேரும்போது கடல் நிறைந்திருக்கும். எனக்குப் பதில் எழுதும் முன் அந்த நேரத்தை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்