கல்ச்சருக்குப் போகாத சிறுநீர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நோயாளிகளின் சிறுநீரிலும் இரத்தத்திலும் உள்ள கிருமிகளை வளர்த்து (இதையே கல்ச்சர் என்போம்), அவை எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்கா என்று பார்ப்பதே என் வேலை. வைக்கோல் நிறத் தட்டில் கிருமியைத் தடவி, மருந்தேற்றிய காகித வில்லைகளைப் பதித்து ஓர் இரவு வைத்திருந்தால், பலிக்கும் மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிந்திருக்கும். பலிக்காத வில்லையின் விளிம்புவரை கிருமி படர்ந்திருக்கும். தொடக்கத்தில், செஃபலோஸ்போரின் என்ற ஆண்டிபயாடிக் வகையின் வில்லை எதைச் சுற்றியும் வட்டமில்லாத தட்டு கிடைத்தால் சக ஊழியர்களை அழைத்துக் காட்டுவோம். நான் ஓய்வு பெறும் தறுவாயில் யாரும் அதற்காக நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட கிருமி சென்ற ஆண்டு என் வீட்டுக்கே வந்தது. பிறையில் என்னுடன் வசிக்கும் 76 வயதுத் தாயாருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கண்டு, நான்கு மாதங்களில் மூன்று முறை ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். மூன்று முறையும் அதே செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த செஃபுராக்சிம் மாத்திரைதான். ஒரு முறைகூடச் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பவில்லை. கேட்டிருக்க வேண்டிய நானும், காத்திருந்த அலுப்பில் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான்காம் முறை மருத்துவமனையில் சேர்த்தபோது வந்த அறிக்கையில், ஈ.கோலை என்ற கிருமியின் பெயருக்குக் கீழே செஃபுராக்சிம், செஃபோடாக்சிம், சிப்ரோஃப்ளோக்சசின் என எல்லா மருந்துகளுக்கும் நேரே, கிருமி அடங்காது என்பதைக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்தே நின்றது. மெரோபெனம் என்ற வலிமையான ஆண்டிபயாடிக்கை எட்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நரம்பில் ஏற்றிய பிறகே காய்ச்சல் இறங்கியது.

இஎஸ்பிஎல் என்னும் நொதியைச் சுரக்கும் இக்கிருமிகள் செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைத்துவிடுகின்றன. நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், இனம் மாறிக்கூட மற்றக் கிருமிகளுக்குத் தாவுகிறது. இவற்றை அடக்க மெரோபெனத்தையே மேலும் மேலும் நாடினால், அதையும் மீறும் கிளெப்சியெல்லா என்ற கிருமி வார்டுகளில் பெருகும். அதன்பின் எஞ்சுபவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கோலிஸ்டின் போன்ற ஒரு சில மருந்துகளே.

மருந்துச் சீட்டின்றி மருந்தகத்தில் ஆண்டிபயாடிக் விற்பதை 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆனால் தனியார் கிளினிக்குகளில் மருந்தை எழுதுபவரும் கொடுப்பவரும் ஒருவரே. கல்ச்சருக்குச் செலவாகும், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது உண்மைதான். எனினும் சிறுநீரை எடுத்துவைத்துவிட்டு அன்றே மருந்தைத் தொடங்கலாம், முடிவு வந்ததும் மாற்றலாம். தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கேனும் இதைக் கட்டாயமாக்கி, அறிக்கையின் நகலை நோயாளியிடமே கொடுக்கும்படி சுகாதார அமைச்சு அறிவுறுத்த வேண்டும். கல்ச்சருக்கே போகாத சிறுநீர் எந்தக் கண்காணிப்புக் கணக்கிலும் சேர்வதில்லை.

தாயாரின் அறிக்கையை அவருடைய அடையாள அட்டையோடு மடித்து வைத்திருக்கிறேன். இப்போது எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
பிறை, பினாங்கு