பொருந்தாத செம்பருத்தி அடுக்குகள்: செட்டை முழுதாக மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
கைவினை வாழ்த்து அட்டை செய்பவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மூன்று அடுக்கு செம்பருத்தி ரப்பர் ஸ்டாம்ப் செட்டில் அளவு வேறுபாடு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் வாங்கிய செம்பருத்தி செட்டில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். "நேராகப் பிடித்து அழுத்திப் பழகுங்கள்" என்று பதில் வந்தது. குறை என் கையில் இல்லை, ஸ்டாம்பில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த செட்டில் ஓர் அடுக்குக்கு ஒரு ஸ்டாம்ப்; மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால்தான் ஒரு பூ முழுமையாகும். அடி அடுக்கு இதழ்களை வெளிர் நிறத்தில் நிரப்புகிறது. அடுத்தது நிழல். கடைசி அடுக்கு இதழின் ஓரக்கோடும் நரம்பும் மகரந்தத் தண்டும். ஓரக்கோடு அடி நிறத்தின் விளிம்பில் சரியாக விழுந்தால்தான் பூவுக்கு உயிர் வரும். அடி அடுக்கின் அகலம் 60 மி.மீ., கோட்டு அடுக்கின் அகலம் 58 மி.மீ. ஒரு பக்க இதழைப் பொருத்தினால் எதிர்ப்பக்க இதழில் நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது. நடுவில் வைத்தாலோ சுற்றிலும் வழிகிறது. கைப்பிசகு என்று சொல்லக் கூடாது என்பதற்காக, இரண்டையும் தனித்தனி ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். எப்படி நகர்த்தினாலும் பொருந்தவில்லை. மை பரவியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. மை பரவினால் கோடு தடிக்குமே தவிர பூ சிறிதாகாது.

ரப்பரைச் சூட்டில் அழுத்தி அச்சு எடுத்தபின் ஆறும்போது அது கொஞ்சம் சுருங்கும். எல்லா அடுக்கும் ஒரே தகட்டில், அதாவது ஒரே தடவை அழுத்தி எடுத்த ரப்பர் தாளில் வந்தால் சுருக்கமும் ஒன்றுபோல இருக்கும், பூ கெடாது. இந்த செட்டில் அடி அடுக்கு சாம்பல் ரப்பர், கோட்டு அடுக்கு செங்கல் நிற ரப்பர். வேறு வேறு தகட்டில் எடுத்து ஒரே பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

அதனால் கோட்டு அடுக்கை மட்டும் அனுப்புகிறோம் என்ற உங்கள் யோசனையை ஏற்க முடியவில்லை. புதிதாக வருவது இன்னொரு தகட்டிலிருந்து வந்தால் அதே தொல்லைதான்.

வேலூருக்கு வைத்தியத்துக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்து லாட்ஜுகளில் தங்குபவர்கள் நிறைய. அவர்களுக்குக் கொடுக்கத்தான் குணமடைய வாழ்த்தும் அட்டைகளைப் பெரும்பாலும் செய்கிறேன். அப்புறம் கிறிஸ்துமஸ், பொங்கல். உடம்பு முடியாமல் படுத்திருப்பவர் கையில் கொடுக்கும் அட்டையில் பூ கோணலாக இருந்தால் எனக்கு மனசு ஒப்பாது. தடிமனான 300 ஜிஎஸ்எம் அட்டையும் மலிவில்லை. வீணான அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்று அடுக்கும் ஒரே தகட்டில் எடுத்த புது செட், அனுப்பும் முன் அச்சிட்டுப் பார்த்த மாதிரித் தாளோடு வேண்டும். இல்லையென்றால் கூரியர் கட்டணத்தோடு முழுப் பணமும் திரும்ப வேண்டும். பழைய செட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அப்படி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்வேன்.

ஓஹெச்பி ஷீட் படங்கள், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், ரசீது நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்