போர்க்கள ரகசியக் கருவிகளை வியந்து பேசும் தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் நெறியாளர்களுக்கும்,

வணக்கம். உலகில் எங்காவது போர் மூண்டால் ஒரே வாரத்தில் உங்கள் நிகழ்ச்சிகளில் ஏதாவதொரு ரகசியக் கருவி பேசுபொருளாகிவிடுகிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கும் கதிர், இதயத்துடிப்பை வைத்தே ஆளை அடையாளம் காணும் லேசர், அணைத்துவைத்த கைப்பேசியையும் தேடிப் பிடிக்கும் விமானம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மறுநாள் வகுப்பில் மாணவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். இவற்றில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டுப் பாடத்துக்குப் போக முடிவதில்லை.

இதயத்துடிப்பு லேசரையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஜெட்சன். அமெரிக்கச் சிறப்புப் படைகள் கேட்டதால் பென்டகன் அதை உருவாக்கியது என்ற செய்தி 2019 ஜூனில் வெளிவந்தது. இதயம் துடிக்கும்போது உடலின் மேற்பரப்பில் எழும் நுண்ணிய அதிர்வை, 200 மீட்டர் தொலைவிலிருந்து அகச்சிவப்பு லேசரால் அது அளக்கிறது. சட்டை போட்டிருந்தாலும் அளக்க முடியும். கனத்த குளிர் அங்கி என்றால் முடியாது. தெளிவான பதிவு கிடைக்க ஏறத்தாழ 30 விநாடி ஆகும். அதுவரை அந்த மனிதர் அசையாமல் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். அது இன்னாருடைய துடிப்பு என்று சொல்ல, அவருடைய துடிப்பு முன்கூட்டியே பதிவாகிக் கையில் இருக்கவும் வேண்டும். சூழல் சாதகமாக அமைந்தால் 95 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்றார்கள்.

உங்கள் திரையில் அந்த 95 மட்டும் பெரிய எழுத்தில் வருகிறது. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் தேடப்படுபவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஐந்து முறை ஆளை மாற்றிச் சொல்லும் கருவி, அந்த ஊரில் எந்தக் குற்றமும் செய்யாத ஏறத்தாழ 5,000 பேரைக் குறிகாட்டும். பள்ளிக்கூடக் கணக்குதான் இது. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய ஒரு நிகழ்ச்சியைக்கூட நான் பார்த்ததில்லை.

2008 செப்டம்பரில் பத்திரிகையாளர் பாப் உட்வர்ட் ஈராக் போர் குறித்த தம் புத்தகத்தை வெளியிட்டார். அங்கே வன்முறை குறைந்ததற்கு அமெரிக்கா அனுப்பிய கூடுதல் துருப்புகள் மட்டும் காரணமல்ல, எதிர்த்தரப்பின் முக்கியமானவர்களைக் கண்டுபிடித்துக் கொல்லும் அதிரகசிய வழிமுறை ஒன்றும் காரணம் என்று எழுதினார். தொலைக்காட்சிப் பேட்டியில், பீரங்கி வண்டியும் விமானமும் போர்க்களத்துக்கு வந்ததற்கு இணையான பாய்ச்சலா இது என்று கேட்டபோது ஆம் என்றார். விவரம் சொல்ல மறுத்துவிட்டார். அவ்வளவுதான், ஊகங்கள் பெருகின. உடல் வெப்பத்தின் தனி அடையாளம் என்றார்கள், கண்ணுக்குத் தெரியாத பொடி என்றார்கள், வாசனை என்றார்கள்.

பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்த தகவல்கள் வேறு மாதிரி இருந்தன. அணைத்துவைத்த கைப்பேசியின் இருப்பிடத்தைக் கண்டறியும் உத்தி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் 2004இலேயே இருந்ததாக 2013இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. ஈராக்கில் அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி மெக்கிறிஸ்டல், 2004 ஆகஸ்டில் 18 ஆக இருந்த தேடுதல் வேட்டைகள் 2006 ஆகஸ்டில் 300 ஆனதாக எழுதினார். ஓர் இரவில் பிடித்த கைப்பேசியையும் காகிதத்தையும் வைத்து அடுத்த இரவு அடுத்த கதவை உடைத்தார்கள். 2006 ஜூனில் ஈராக் அல்-கொய்தாவின் தலைவர் அபு முசாப் அல்-சர்காவியைக் கொன்றதுகூடப் பிடிபட்டவர்களை வாரக்கணக்கில் விசாரித்து, அவருடைய மதகுருவை வானிலிருந்து பின்தொடர்ந்துதான். இவ்வளவு பெரிய வலையில் தவறாக உடைக்கப்பட்ட கதவுகள் எத்தனை? அந்தக் கேள்வி அன்றைய வியப்பில் அடிபட்டுப் போனது.

இதே ஈராக்கில் நடந்த இன்னொன்றை நீங்கள் கட்டாயம் பேச வேண்டும். ஏடிஇ 651 என்றொரு கருவி. பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் இப்படியும் அப்படியும் ஆடும் ஓர் உலோகக் கம்பி. மின்கலம்கூடக் கிடையாது, பிடித்திருப்பவரின் உடலிலுள்ள நிலைமின்சாரமே போதும் என்றார்கள். வெடிகுண்டு, போதைப்பொருள், மறைந்திருக்கும் மனிதர்கள் என எதையும் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்றவர் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வணிகர். கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று விற்கப்பட்ட வேடிக்கைப் பொருள்தான் அதற்கு மூலம். ஈராக் அரசு ஆயிரக்கணக்கில் வாங்கிச் சோதனைச் சாவடிக் காவலர்களின் கையில் கொடுத்தது. 2013இல் லண்டன் நீதிமன்றம் மெக்கார்மிக்குக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. அதன் பிறகும் பாக்தாத் சாவடிகளில் அந்தக் கம்பி ஆடிக்கொண்டுதான் இருந்தது. 2016 ஜூலையில் கராதா கடைவீதியில் குண்டு வெடித்து 300க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே பிரதமர் அல்-அபாதி அவற்றை அகற்ற உத்தரவிட்டார். அந்தக் காவலர்களை நான் குறைசொல்ல மாட்டேன். விஞ்ஞானம் என்று சொல்லிக் கொடுத்ததை அவர்கள் நம்பினார்கள். பாமரர் நம்பும் விஷயத்தைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் என்னைப் போன்றவர்களும்தான்.

சரி, கருவி உண்மையிலேயே பழுதில்லாமல் வேலை செய்தால்? 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா காரை அமெரிக்க ஆளில்லா விமானங்கள் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. மணிக்கணக்கில் தொடர்ந்த தேர்ந்த கண்காணிப்பு. காரில் ஏற்றப்பட்டவை வெடிபொருள்கள் என்று முடிவு செய்து, வீட்டு முற்றத்தில் வைத்து ஏவுகணையால் அடித்தார்கள். ஏற்றப்பட்டவை தண்ணீர்க் கேன்கள். ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர். இறந்த 10 பேரில் 7 பேர் குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று முதலில் சொன்ன பென்டகன், செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டது. யாருக்கும் தண்டனை இல்லை. பத்திரிகையாளர்கள் பாதுகாப்புக் கேமரா பதிவுகளைத் தேடிப் பார்த்திராவிட்டால் அந்தத் தண்ணீர்க் கேன்கள் இன்றும் வெடிபொருள்களாகவே பதிவில் இருந்திருக்கும்.

உங்கள் நேயர்களில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஏராளம். ராணுவச் சுற்றிவளைப்பின்போது ஊரையே வரிசையில் நிறுத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்க உட்காரவைத்த, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட நாட்களை அவர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. தலை அசைந்தால் அவ்வளவுதான். ஏன் அசைந்தது என்று தாய்கூடக் கேட்க முடியாது. அப்படி மகனைப் பறிகொடுத்த வீடுகளிலும் உங்கள் நிகழ்ச்சி ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இத்தகைய கருவியைப் பற்றிப் பேச ஒரு ராணுவ நிபுணரை அழைக்கும்போது, அது எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எத்தனை முறை ஆளை மாற்றிக் காட்டியது, அதைத் தயாரித்தவர்களைத் தவிர வேறு யார் சோதித்தார்கள், தவறாகக் குறிவைக்கப்பட்டவரின் குடும்பம் யாரிடம் போய் முறையிடலாம் என்றும் கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், பதில் கிடைக்கவில்லை என்பதையே தலைப்பாக்கி ஒளிபரப்புங்கள். ஊகம் என்றால் ஊகம் என்று திரையின் மூலையில் கடைசிவரை போடுங்கள்.

எண்களைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள். எங்கள் துறையில் இரண்டு மூன்று பேர் இதற்கு ஊதியமின்றி உதவத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி