ராஜிக்கு, பேய்ப் படம் பார்த்த பிறகு

திருச்சி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராஜி,

நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்ட நார்த்தங்காய் ஊறுகாயைச் சரோஜாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழியில் அவள் பாட்டிலைத் திறக்காவிட்டால் உனக்கு வந்து சேரும். ஊர்க் கதை இவ்வளவுதான். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திக் பேய்ப் படம் எடுக்கிறான். சிரிக்காதே. கல்லூரிக்காக ஒரு குறும்படம். ஒரு கிணறு, ஒரு கிழவி. கிழவி யார் என்று நீயே ஊகித்திருப்பாய். போன வாரம் எனக்குப் போட்டுக் காட்டினான். பெயர் வந்த நொடியிலிருந்து முடிகிற வரை பின்னால் ஏதோ ஒன்று 'கொய்ங்' என்று இழுத்துக்கொண்டே இருந்தது. நான் கிணற்றடியில் திரும்பும்போது 'டமார்' என்று ஓர் இடி. தூக்கிவாரிப் போட்டது, உண்மைதான். குக்கர் விசிலுக்கும் எனக்கு அப்படித்தான் தூக்கிவாரிப் போடும். அடுத்த நிமிடம் இரண்டும் மறந்துபோகும். இதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் உலகமே பயந்த படங்களைப் பார் பாட்டி" என்று ராத்திரி ராத்திரியாக என்னை உட்காரவைத்துவிட்டான்.

முதலில் அந்தச் சுறாப் படம், 'ஜாஸ்', 1975-இல் வந்தது. ஜான் வில்லியம்ஸ் இசை. கடலுக்கடியில் செலோ, டபுள் பாஸ் என்கிற, வயலின் இனத்துப் பெரிய வாத்தியங்கள் மெதுவாக இரண்டே இரண்டு ஸ்வரங்களை வாசிக்கின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஆனால் சுறாவால் இல்லை. அடியே, அது நம் ச, ரி! பட்டமங்கலத் தெருவில் மாமி நம் தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த மாயாமாளவகௌளை ராகத்தின் முதல் இரண்டு ஸ்வரங்கள். ஷட்ஜமம், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சுத்த ரிஷபம். நாம் அதற்குமேல் க, ம என்று ஏறிப் போய்விட்டோம்; சுறா போகவில்லை. அங்கேயே நின்று முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை ஏற்றுகிறது. மெதுவாக வந்தால் தூரத்தில் இருக்கிறது, வேகமெடுத்தால் காலடியில் இருக்கிறது. வில்லியம்ஸ் பியானோவில் இதை முதலில் வாசித்துக் காட்டியபோது, அவர் வேடிக்கை செய்கிறார் என்றே நினைத்து இயக்குநர் ஸ்பீல்பெர்க் சிரித்தாராம். எனக்கு ஸ்பீல்பெர்க்மேல் வருத்தமில்லை. பாட்டு வகுப்பின் முதல் பாடமான சரளி வரிசையைக் கேட்டு யார்தான் பயப்படுவார்கள்?

இன்னொரு சூட்சுமம். இரண்டு பையன்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி செய்து கடலில் மிதக்கவிட்டு ஊரையே கலங்கடிக்கும் காட்சி ஒன்று வருகிறது. ஜனங்கள் அலறி ஓடுகிறார்கள். ச, ரி மட்டும் வருவதில்லை. இசை பொய் சொல்லாது என்று நம் காது கற்றுக்கொள்கிறது. அப்புறம் ஒரு சமயம், ஒரு ஸ்வரமும் இல்லாமல் சுறா வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது பார், அப்போதுதான் நான் கார்த்திக்கின் கையைப் பிடித்தேன்.

அடுத்து 'ஹாலோவீன்', 1978. இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே இசையும் அமைத்தார். இசை சேர்ப்பதற்கு முன் அதைப் பார்த்த ஸ்டுடியோ அதிகாரி ஒருவருக்குப் பயமே வரவில்லையாம். பியானோவில் ஐந்து எண்ணிக்கைத் தாளம். சிறுவயதில் அவருடைய அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்ததாம். நாலு நாலாக எண்ணிப் பழகிய அவர்கள் ஊர்க் காது அதில் தடுக்கி விழும், கால் வைத்த இடத்தில் படி இருக்காது. எனக்கோ 'தகிட தகிட தக தக' என்று கை தன்னால் தாளம் போடத் தொடங்கிவிட்டது. கொலைகாரன் வேலியோரம் நிற்கிறான், நான் கண்டத்தை, அதுதான் நம் ஐந்து எண்ணிக்கையை, எண்ணிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கார்த்திக் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் 'சைக்கோ' என்னைத் தோற்கடித்துவிட்டது. 1960. அந்தக் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிவைத்தார், அப்புறம் ஹிட்ச்காக்கே மனம் மாறினார். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். ஒரு குழல் இல்லை, ஒரு முரசு இல்லை. அதைவிட முக்கியம், எல்லா இடத்திலும் குதிரைமேல், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டின்மேல், அடக்கி போட்டு, ஒலியை மூடி வாசிக்கச் செய்திருக்கிறார். குளியலறையில் மட்டும் அதை எடுத்துவிட்டார். அதுவரை போர்வைக்குள் கேட்ட வயலின் திடீரென்று தோலுரிந்து நிற்கிறது. அதிலும் அடுத்தடுத்த ஸ்வரங்களை வெவ்வேறு ஸ்தாயியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். தம்பூரா இம்மி பிசகினாலே எழுந்து போகும் நம் மாதிரி ஆட்களை இதைவிட எப்படி வதைப்பது? ஐந்து எண்ணிக்கையால் என்னை அசைக்க முடியவில்லை. சுருதியில் கைவைத்ததும் விழுந்துவிட்டேன்.

மர்மாட் என்கிற, அணில் வகைப் பிராணிகளை ஆராயும் கலிஃபோர்னியாக்காரர் டேனியல் புளூம்ஸ்டீனும் அவர் கூட்டாளிகளும் 2010-இல் படங்களின் ஒலியைப் பரிசோதித்தார்களாம். பயந்த பிராணி தொண்டையின் எல்லை தாண்டிக் கத்தும்போது குரல் பிசிறடிக்கும். பேய்ப் படங்களில் அந்த மாதிரிக் கரகரப்பு மற்றப் படங்களைவிட அதிகம் என்றார்களாம். கார்த்திக் சொன்னான். சரி, ஆனால் 'யார் நீ?' படத்தில் சுசீலா 'நானே வருவேன்' பாடியபோது டூரிங் டாக்கீஸில் நீ பாவாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாயே, அதில் என்ன பிசிறு இருந்தது? தேன் ஒழுகியது. பாடுகிறவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாததுதான் உன்னை மிரட்டியது. புளூம்ஸ்டீனிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ராஜி, தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வில் நேராக வரவில்லை, இனி வயலின் பெட்டியைத் திறக்கப் போவதில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் இன்னும் என் தலையணைக்கடியில் இருக்கிறது. நீ வாசிக்காத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, உனக்கும் பிடிக்காது.

ஆகவே வேலை சொல்கிறேன். கார்த்திக்கின் 'கொய்ங்'கை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அவனுக்கு வேண்டியது ச, ரி மட்டும். வில் குதிரைக்குப் பக்கத்தில் உரசிப் பிசிறடித்தால் இன்னும் நல்லது என்கிறான். மூன்று காலம்கூட வேண்டாம், முதல் காலம் போதும். கடைசிக் காட்சியில் அதுவும் கிடையாது, வெறும் கிணறுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு மாயவரம் வர அவன் தயார். நானும் வருகிறேன், பஸ்ஸில் ஜன்னலோர இடம் எனக்கு என்று பேச்சு. வில்லுக்குப் போடும் ரோசின் காய்ந்து போயிருந்தால் சொல், இங்கிருந்து வாங்கி வருகிறேன். முடியாது என்றாலும் எழுது, ஆனால் முடியாததற்குக் காரணம் தோள்பட்டையாக மட்டும் இருக்க வேண்டும்; 'இந்த வயதில் பேய்ப் படமா' என்று ஆரம்பித்தால் அந்தப் பாவாடைக் கதையைக் கார்த்திக்கிடம் முழுதாகச் சொல்லிவிடுவேன்.

உன்,
கமலா