டேஷ்போர்டு மேட் வந்தாச்சு
வணக்கம் நண்பர்களே. நம்ம ஸ்டாண்டு லோகோ போட்ட சிலிகான் மேட் வந்தாச்சு, வண்டிக்கு ஒண்ணு வாங்கிக்குங்க. சாவி, சில்லறை, டோல் ரசீது எது வெச்சாலும் வளைவில் வழுக்காது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இடதுபக்கம் "எஸ்ஆர்எஸ் ஏர்பேக்" என்று பொறித்த மூடி மேல் இதை விரிக்காதீங்க. 2021 ஏப்ரலுக்குப் பிறகு அறிமுகமான கார் மாடல்கள் எல்லாத்திலும் அந்த ஏர்பேக் கட்டாயம். மோதினா கண் இமைக்கும் முன்னே மூடியைக் கிழிச்சிக்கிட்டு வரும். மேலே இருக்கிற சாவியும் சில்லறையும் பக்கத்து சீட்காரர் முகத்தில் பாயும். பிள்ளையார் சிலைக்கும் இதே கதைதான், நடுவில் வையுங்க.

தூசி படிஞ்சு பிடிப்பு விட்டா சோப்புத் தண்ணியில் அலசி நிழலில் காயப்போடுங்க. பசை தடவ வேண்டாம். வெயிலில் நிறுத்தினா போன், லைட்டரை எடுத்துடுங்க.