உடும்பா, இகுவானாவா, டெகுவா: புத்தி கூடியது எது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாடசாலை விடுமுறை தொடங்கினால் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை மீன்தொட்டிக் கடையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ரொறன்ரோவில் மச்சான் ஒரு டெகு (தென்னமெரிக்கப் பெரும்பல்லி) வளர்க்கிறான். கூப்பிட்டால் வருகிறதாம். உடும்பு அதைவிடக் கெட்டித்தனமா? எதற்குப் புத்தி அதிகமோ அதை எடுத்துத் தருவீர்களா?" மீன் தீனி கட்டிக்கொண்டே இதற்குப் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல். பல்லியினம் எதையும் நாங்கள் விற்பதில்லை, எடுத்துக் கொடுப்பதும் இல்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

சென்ற ஆண்டு ஒரு குடும்பம் தங்கள் இகுவானாவைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தது. "எந்நேரமும் மந்தமாகக் கிடக்கிறது. ஆளைக்கூட அடையாளம் தெரியவில்லை. இந்தச் சாதிக்கே புத்தியில்லைப் போலும்" என்றார் தகப்பனார். கீழ்த்தாடையை மெதுவாகத் தொட்டோம். எலும்பு ரப்பர் போல வளைந்தது. பின்னங்கால்கள் வீங்கியிருந்தன. கொடுத்த உணவு பாணும் அவித்த முட்டையும். கூடு இருந்தது ஏசி போட்ட படுக்கையறையில். இகுவானா இலை தின்னும் பிராணி. வெயிலின் புற ஊதாக் கதிர் படாவிட்டால் அதன் உடலில் கல்சியம் சேராது, எலும்பு கரையும். வெக்கை இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, தசையும் மூளையும் ஓடாது. உடனே மிருக வைத்தியரிடம் அனுப்பினோம்.

இப்போது அது பல்கணியில், வெயிலும் நிழலும் உள்ள பெரிய கூட்டில் இருக்கிறது. வளைந்த தாடை நேராகவில்லை. ஆனால் காலையில் அந்த வீட்டு அம்மா செவ்வரத்தை இலை பறித்துக்கொண்டு கதவின் கொளுக்கியைத் தூக்கும் சத்தம் கேட்டதும் கிளையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து நிற்கிறது. பிள்ளைகள் கதவைத் திறந்தால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கிறது. மந்தம் என்று சொல்லப்பட்ட அதே பிராணி!

ஊர்வனவற்றுக்கு அறிவில்லை என்ற பெயர் வந்ததற்கும் இதுவே ஒரு காரணம். பழைய பரிசோதனைகள் பலவற்றில் எலிக்கும் புறாவுக்கும் ஏற்ற வெப்பத்தில், அவற்றுக்கு ஏற்ற வேலைகளைக் கொடுத்து இவற்றைச் சோதித்தார்கள். குளிரில் உறைந்து கிடக்கும் பிராணியின் அறிவை எப்படி அளப்பது?

சரியாகச் சோதித்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், கருங்கழுத்து உடும்புக் குஞ்சுகள் எட்டுக்கு முன்னால் சிறு கதவுகள் பொருத்திய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை வைத்தார்கள். உள்ளே எலி. யாரும் பழக்கவில்லை. எட்டும் பத்து நிமிடங்களுக்குள் கதவைத் திறந்து தலையை நுழைத்து எலியைப் பிடித்துவிட்டன. அடுத்த முறை இன்னும் விரைவு. குழாயைப் போட்டு உலுக்குவது போன்ற பயனற்ற முயற்சிகளும் குறைந்துவிட்டன. உடும்பினத்தின் பேருருவான கொமோடோவில் இன்னும் வியப்பான கதை உண்டு. வொஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் 1992 இல் முட்டையிலிருந்து வெளிவந்த 'கிராக்கன்' என்ற பெண் கொமோடோ, பராமரிப்பாளரின் பையிலிருந்து கைக்குட்டையை உருவி இழுத்து விளையாடியது. அதை இரையென்று நினைத்து விழுங்கப் பார்க்கவில்லை. விளையாட்டு வேறு, இரை வேறு என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

ஆகவே புதிய சிக்கலை அவிழ்ப்பதில் உடும்பினம்தான் முன்னணி என்பது எங்கள் கருத்து. தேடித் திரிந்து, மோப்பம் பிடித்து, பொந்துக்குப் பொந்து நுழைந்து வயிறு வளர்க்கும் பிராணிக்கு அந்த அறிவு வேண்டும். கிளையில் இருந்தபடியே இலை மேயும் இகுவானாவுக்குக் குழாயைத் திறக்கும் தேவை ஏது? அதன் கணக்கு வேறு. சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்குப் போனால்தான் ருசியான உணவு கிடைக்கும் என்று வைத்தபோது, குளிர் கூடக் கூட இகுவானாக்கள் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டன. இலாப நட்டம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அவுஸ்திரேலியத் தாடி ஓணான் உருவில் சிறியது. ஆனால் கம்பிக்கதவை நகர்த்தித் திறக்கும் இன்னொரு ஓணானைக் காணொளியில் பார்த்தே அதே மாதிரித் திறந்ததை 2015 இல் நிரூபித்தார்கள். தென்னமெரிக்க டெகு இனப்பெருக்க காலத்தில் தன் உடல் வெப்பத்தைச் சூழலைவிட 10 பாகை வரை தானாகவே உயர்த்தும். மனிதரோடு பழகுவதில் அதற்கு நல்ல பெயர். மச்சான் சொன்னது பொய்யல்ல.

இனி எங்கள் கடைக்குப் பின்னால் வருகிறவரைப் பற்றி. கால்வாயிலிருந்து ஏறிவரும் ஒரு கபரகொய்யா (நீர் உடும்பு), ஆள் உயரத்துக்குக் குறையாது. தொட்டி கழுவும் நாளில் குழாய்ச் சத்தம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் மதிலோரம் வந்துவிடும். செத்த மீன் கிடைக்கும் என்பது அதற்குப் பாடம். ஒருநாள் வெறும் தண்ணீரை மட்டும் திறந்துவிட்டோம். படிவரை வந்தது. பிளவுபட்ட நாக்கால் சீமெந்துத் தரையை அங்குலம் அங்குலமாகத் தடவியது. தொண்டைப் பை விரிந்து சுருங்கியது. திரும்பிப் போய்விட்டது. அடுத்த முறை படிக்கு வரவே இல்லை. மதிலடியில் நின்று நாக்கை நீட்டிக் காற்றைச் சோதித்த பிறகுதான் முடிவெடுத்தது. அன்று முதல் செத்த மீனைப் புதைத்துவிடுகிறோம். வீட்டு வாசலுக்கு வர அதற்குப் பழக்கிக் கொடுத்தது எங்கள் பிழை.

இவ்வளவு புத்தியுள்ள பிராணியை நான்கடிக் கூட்டில் அடைத்தால் அது கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். புத்தி கூடியதைத் தாருங்கள் என்று கேட்கும்போது, கூட்டுக்குள் அதிகம் துன்பப்படும் பிராணியையே கேட்கிறீர்கள். எங்கள் நாட்டு உடும்பும் கபரகொய்யாவும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு இனங்களையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுவர முடியாது. 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்று எங்கள் முன்னோர் சொன்னது பிடித்தவன் படும் பாட்டைத்தான். கூட்டுக்குள் இருப்பதன் பாட்டையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

சட்டப்படி ஏற்கெனவே இகுவானா வைத்திருப்பவர்கள் கூட்டின் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு வாருங்கள். வெப்பநிலை, இலை வகை, புற ஊதா விளக்கின் உயரம் எல்லாவற்றையும் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்வோம். விளக்கு வாங்கிய திகதியை அதன் அடிப்பகுதியில் எழுதிவைத்திருந்தால் நல்லது. வெளிச்சம் குறையாமலே புற ஊதாக் கதிர் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
வெள்ளவத்தை மீன்தொட்டி, பறவைத்தீன் கடையினர்