நித்யாவுக்கு, வயிறு பற்றி

அன்புள்ள நித்யா,

கார்த்திக் ஊர் வந்து சேர்ந்தான். நீ கொடுத்தனுப்பிய கம்பளிச் சால்வை அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இந்த வெயிலில் இது எதற்கு என்று சொல்லிக்கொண்டே ஏசியைப் போட்டுப் போர்த்திக்கொள்கிறார். உன் அறை, ஜன்னலில் தெரியும் மலை எல்லாவற்றையும் கார்த்திக் சொன்னான். குளியலறை அலமாரியில் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டைகள் அடுக்கியிருப்பதையும் சொன்னான். அவனாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அவனைத் திட்டாதே.

எப்போதிலிருந்து இப்படி? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாய், அதற்கப்புறம் மழை பற்றிப் பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. குடித்துவிட்டு அப்படியே படுக்காதே.

ரிட்டையர் ஆனபிறகு எனக்கு என்ன வேலை? நீ இருக்கும் எடின்பரோவில் 18-ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள் தீராத அஜீரணத்துக்கு என்னதான் கொடுத்தார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை இதில் இழுத்துவிட்டவர் ஜோசப் பிளாக். கார்பன் டை ஆக்சைடு பாடம் நடத்தும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன், ஆனால் 1754-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்கு அவர் எதைப் பற்றி எழுதினார் என்று வகுப்பில் சொன்னதே இல்லை. உணவால் வயிற்றில் உண்டாகும் புளிப்பும், அதற்குக் கொடுக்கும் வெள்ளை மெக்னீசியாவும்தான் விஷயம்! அந்தப் பொடியைச் சூடாக்கினால் எடை குறைகிறதே, குறைந்தது எங்கே போனது என்று தராசும் கையுமாக உட்கார்ந்துதான் அந்த வாயுவைப் பிடித்தார். நிலைத்த காற்று என்றார் அதை. உன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார், அதில் மெக்னீசியம் இருக்கலாம்.

மெக்னீசியா வருவதற்கு முன்பும் சுண்ணக்கட்டி, சிப்பி ஓட்டுப் பொடி, நன்னீர் இறால் வகையின் வயிற்றில் விளையும் சுண்ணாம்புக் கற்கள் (நண்டுக்கண் என்று விற்றார்கள்) எல்லாம் கொடுத்தார்கள். ஒரு கெமிஸ்ட்ரி டீச்சராகச் சொல்கிறேன், அதில் தப்பே இல்லை, அமிலத்தை முறிக்கும். ஆனால் அது என்ன அமிலம் என்பதுதான் அவர்களில் யாருக்கும் தெரியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் புரௌட் எழுதியது 1824-இல். அதுவரை வயிறு சமைக்கிறதா, அரைக்கிறதா, புளிக்கவைக்கிறதா என்றே சண்டை. இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் உணவைத் துணிப்பையில் கட்டித் தானே விழுங்கிப் பார்த்தார். வெறும் வயிற்றில் வாந்தி எடுத்து அந்த நீரையும் சோதித்தார். உன் அப்பாவிடம் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உன் ஊரில் பெரிய வைத்தியர் என்றால் வில்லியம் கல்லன்தான். இரைப்பையின் தசைநார்கள் முறுக்குத் தளர்ந்து போவதே அஜீரணம் என்று சொல்லி, அதை நரம்பு நோய்களோடு சேர்த்துவிட்டார். முறுக்கேற்ற ஜென்ஷன் வேர், ஆரஞ்சுத் தோல், சிங்கோனாப் பட்டை என்று கசப்பு கசப்பாகக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் வாந்தி எடுக்க மருந்து கொடுத்து வயிற்றைக் காலி செய்வது, மலச்சிக்கலுக்கு ரேவல்சின்னி, அப்புறம் இரும்புச்சத்து. இதில் பாதி வீண், வாந்தி மருந்து கொடுமை. நோய்க்குக் காரணம் என்று அவர் போட்டிருக்கும் பட்டியல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. டீ, காபி, புகையிலை, அபின், சாராயம், அசையாமல் உட்கார்ந்திருப்பது, ஓயாத படிப்பு, மனவருத்தம், ஈரக் குளிர்காற்று. அபினையும் புகையிலையையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பார். சாராயத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

கல்லன் முக்கால்வாசி வைத்தியத்தைத் தபாலிலேயே பார்த்திருக்கிறார் போல. ஆயிரக்கணக்கான கடிதங்கள். நோயாளிகள் எழுதியவையும் இருக்கின்றன, 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் நகலெடுக்கும் இயந்திரத்தை வைத்து அவர் படியெடுத்துக்கொண்ட பதில்களும் இருக்கின்றன. எல்லாம் குயின் தெருவில் மருத்துவர் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன, இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். நோயாளியின் வயிற்றை அவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் எழுதுகிறவர்கள் எதையும் விடுவதில்லை. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு ஏப்பம் வந்தது, வெளிக்குப் போனது எப்படி, எந்தக் கவலை வந்த பிறகு இது ஆரம்பித்தது, எல்லாம். தாங்களே எழுத முடியாதவர்களுக்காக வீட்டுப் பெரியவர்கள் எழுதுகிறார்கள். முன்பின் தெரியாதவர்களின் வயிற்றுக் கதை அத்தனையும் எனக்கு இப்போது தெரியும். நீ அனுப்பும் "ஓகேமா" என்பதிலிருந்து எதைத் தெரிந்துகொள்வது?

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் ஜார்ஜ் செய்ன் என்று ஒருவர் இருந்தார். அவரே ஒரு காலத்தில் 32 ஸ்டோன், 200 கிலோ, இருந்தவர். பாலும் காய்கறியுமாகச் சாப்பிட்டு இளைத்து, வருகிறவர்களுக்கும் அதையே சொன்னார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சனை வீட்டுக்குள்ளேயே குதிரை ஓட்டுவதுபோல் உட்கார்ந்து குதிக்கும் ஒரு நாற்காலி வாங்கிக்கொள்ளச் சொன்னார். சிரிக்காதே. நீ அந்த ஊரில் போய் இறங்கியபோது வாங்கிய சைக்கிள் என்ன ஆயிற்று?

தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் சிலையின் கால் பெருவிரலைத் தொட்டுக்கொண்டு நீ எடுத்து அனுப்பிய போட்டோ ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரிடமும் காட்டுகிறேன், பெரியம்மா உட்பட. ஹியூமுக்கும் 18 வயதில் உடம்பு கெட்டது. படபடப்பு, வாயில் நீர் ஊறுவது, வயிற்றில் காற்று. வைத்தியர் சிரித்துவிட்டு, உனக்குப் படிப்பாளிகளின் நோய் வந்திருக்கிறது என்று சொல்லி, கசப்பு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார். தினம் கிட்டத்தட்ட அரை லிட்டர் திராட்சை ஒயின், எட்டுப் பத்து மைல் குதிரைச் சவாரி. அப்படியும் முழுதாகச் சரியாகவில்லை. 1734-இல் லண்டனில் ஒரு வைத்தியருக்கு, பெயர் போடாமல், நீண்ட கடிதம் எழுதினார். அதை அனுப்பினாரா என்பதே சந்தேகம்.

அவர் சட்டம் படிக்கிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அவரோ ரகசியமாக சிசரோ, வெர்ஜில் என்று பழைய ரோம எழுத்தாளர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். சட்டத்தை விட்டார். பிரிஸ்டலில் ஒரு வியாபாரியிடம் வேலைக்குப் போனார், சில மாதத்தில் அதையும் விட்டார். பிரான்சுக்குப் போய் உட்கார்ந்து தன் முதல் பெரிய புத்தகத்தை எழுதினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். உங்கள் துறையின் இணையப் பக்கத்தைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறதே. பார்த்தேன். படங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

ஹியூம் கடைசியில் வயிற்று நோயிலேயேதான் போனார், 1776-இல். பிளாக்கே கூட இருந்து பார்த்தார். பாத் ஊற்று நீரைக் குடிக்கப் போனதும் பலிக்கவில்லை. இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வழியில்லை. உனக்கு என்ன? வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் மூச்சை ஊதச் சொல்லியோ மலத்தைச் சோதித்தோ கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. உன் டாக்டரிடம் நேரம் வாங்கு. நீ போட்டுக்கொள்வது ஒமெப்ரசோல் மாதிரி அமிலச் சுரப்பைக் குறைக்கிற மாத்திரையாக இருந்தால், சோதனைக்கு முன் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். அவரிடம் கேட்டே நிறுத்து. எடை குறைந்திருந்தால் அதை மறைக்காமல் சொல். கார்த்திக் எடுத்த படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது.

அங்காயப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், கூரியரில் வரும். சூடான சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து முதல் கவளம் சாப்பிடு. நாள் முழுக்க காபி குடித்துவிட்டு இதை மட்டும் சாப்பிட்டால் ஒன்றும் நடக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். காபியைக் குறை.

உன் அக்கவுன்ட்டில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். அது டாக்டருக்கோ டிக்கெட்டுக்கோ, உன் இஷ்டம். டிக்கெட் என்றால் முன்கூட்டிச் சொல், உன் ரூமில் உள்ள அரிசி மூட்டையை எடுக்கவேண்டும். பெரியப்பா வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை, சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூப்பிடு, அப்பா அப்போது நடக்கப் போயிருப்பார். உனக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும், தெரியும். அந்த நேரத்தில் நீ ஆன்லைனில்தான் இருக்கிறாய், தினமும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா